பதினைந்தாயிரம் கட்டாதீர்கள் தம்பி

பாலக்கோட்டில் எடுத்த உங்கள் பாட்டுக்கு யூடியூபில் 3 லட்சம் பார்வை வந்தும் 'இந்திய அதிகாரபூர்வ சார்ட்'டில், அதாவது பாடல்களின் தரவரிசைப் பட்டியலில், இடமில்லை, 15,000 ரூபாய் கட்டினால் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி.

முறையான சார்ட்டில் இடத்தை யாரும் விற்க முடியாது. பிரிட்டனில் இசைக் கம்பெனிகள் சங்கமும் விற்பனையாளர் சங்கமும் கூட்டாக வைத்திருக்கும் நிறுவனம்தான் வெள்ளி முதல் வியாழன் வரை கணக்கெடுக்கிறது. அங்கே 2018இல் வந்த விதிப்படி, சந்தா கட்டியவர்கள் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை. இலவசமாகக் கேட்டால் 600 முறை வேண்டும். பார்வை எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

நம் நாட்டில் ஐ.எம்.ஐ. என்ற இசைத்துறைச் சங்கம் 2021இல் தொடங்கிய பட்டியல் வெளிநாட்டுப் பாடல்களுக்கானது. தமிழ்ப் பாட்டு அதில் இல்லாதது உங்கள் குறையே அல்ல.

நீங்கள் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஆர்.சி. எண். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 12 கொண்ட அதுதான் ஒலிப்பதிவின் அடையாளம். பாட்டை இசைச் செயலிகளில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரே பெரும்பாலும் கொடுத்துவிடுவார். கிருஷ்ணகிரியில் எங்கள் பம்பைக் குழு ஒரே பதிவை இரண்டு விநியோகஸ்தர்கள் வழியாக ஏற்றியது. இரண்டு எண் விழுந்து, கேட்ட கணக்கும் இரண்டாகப் பிரிந்தது. மனசு நொந்துபோனோம். உங்கள் பாட்டுக்கு ஒரே எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், அந்த 15,000 கேட்ட ஆள், காசு வாங்கிக்கொண்டு கேட்ட எண்ணிக்கையைப் போலியாக ஏற்றுபவராகவும் இருக்கலாம். பிடிபட்டால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.