சப்வூஃபர் தனியாகக் கேட்கக் கூடாது

வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். இந்தப் பகுதிக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சப்வூஃபரைப் பற்றியே, அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியே, இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: புதிதாக 5.1 செட் வாங்கி, ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஆட்டோ செட்டப் ஓட்டினேன். சப்வூஃபருக்கு மைனஸ் 9.5 டெசிபல் என்று போட்டுக்கொண்டது. பேஸே இல்லாதது போல இருந்ததால் பிளஸ் 3க்கு ஏற்றினேன். சண்டைக் காட்சி பிரமாதம். ஆனால் வசனம் புரியவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த எண் சரி, ஐயா?

அந்த மைனஸ் 9.5ஐப் பார்த்து மனம் தளர வேண்டாம். அது பேஸின் அளவைச் சொல்லும் எண் இல்லை. சப்வூஃபருக்கு இரண்டு இடத்தில் வால்யூம் இருக்கிறது. பெட்டியின் பின்னால் ஒரு குமிழ், எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவருக்குள் ஓர் எண். இரண்டும் சேர்ந்துதான் காதுக்கு வந்து சேரும் அளவு. உங்கள் பெட்டியின் குமிழ் கூடுதலாகத் திரும்பியிருந்திருக்கிறது. மற்ற ஸ்பீக்கர்களோடு சமமாக்க ரிசீவர் தன் பக்கத்தில் குறைத்துக்கொண்டது. குமிழைச் சற்று இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினால், அதே சத்தத்துக்கு மைனஸ் 4 என்று காட்டும்.

நீங்கள் ஏற்றியது 12.5 டெசிபல். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபையர் 2 மடங்கு பவர் கொடுக்க வேண்டும்; 10 டெசிபலுக்கு 10 மடங்கு. 12.5க்குக் கிட்டத்தட்ட 18 மடங்கு! தாழ்ந்த ஒலி அவ்வளவு பலமாக வந்தால், அதற்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகள் காதில் அமுங்கிப் போகும். நம் காதின் இயல்பே அதுதான். வசனத்தில் முதலில் தொலைவது மெய்யெழுத்துகள். பேச்சு கேட்கும், என்ன பேச்சு என்று புரியாது.

சரி, முதலிலிருந்து செய்வோம். பெட்டியின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்புங்கள். எல்.எஃப்.ஈ. என்று தனியாக ஓர் இன்புட் இருந்தால் வயரை அதில் செருகுங்கள். கிராஸ்ஓவர் என்பது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை. அதைப் பிரிப்பது ரிசீவரின் வேலை. பெட்டியும் தன் பங்குக்கு வெட்டினால் பேஸுக்கும் மற்ற ஒலிக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். வால்யூம் குமிழைப் பாதிக்கு வைத்து ஆட்டோ செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள். வரும் எண் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 6க்குள் நின்றால் எனக்குத் திருப்தி. பல ரிசீவர்களில் மைனஸ் 12தான் கடைசிப் படி. அங்கே போய் நின்றுவிட்டால் இன்னும் இறக்க வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம்; குமிழைக் குறையுங்கள். பிளஸ் பக்கம் போனால் குமிழைக் கூட்டுங்கள்.

அடுத்தது ஃபேஸ். பலரும் இதைத் தொடுவதே இல்லை. 80 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்துதான் தருகின்றன. ஒன்று காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் இன்னொன்று பின்னே இழுத்தால் இரண்டும் கழிந்துபோகும். அப்போது பேஸ் போதவில்லை என்று தோன்றும், அளவைக் கூட்டுவோம், பிரச்சினை அப்படியே இருக்கும். பேஸ் கிட்டார் சீராக ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உங்கள் இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவரைப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தி ஸ்விட்சை 0, 180 என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். எதில் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதுதான் உங்கள் அறைக்குச் சரி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அளவு. ஆட்டோ செட்டப் கொடுத்ததிலிருந்து ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். 3, 4 டெசிபல் கூட்டி வைப்பதில் தப்பே இல்லை; என் வீட்டிலும் 3 கூடுதலாகத்தான் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். கனத்த ஆண் குரலில் ஒருவர் செய்தி வாசிப்பதைப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறது என்று கை காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அளவு அதிகம், அல்லது கிராஸ்ஓவரை உயரத்தில் வைத்துவிட்டீர்கள். குரல் முழுக்கத் திரையிலிருந்தே வர வேண்டும். அந்தப் பெட்டி ஓடுகிறதா என்றே தெரியக் கூடாது. ஆனால் அதை அணைத்தால் அறையே காலியானது போல இருக்க வேண்டும்.

ஒரு வாரம் அப்படியே கேளுங்கள். உப்பிய பேஸுக்குப் பழகிய காதுக்குச் சரியான பேஸ் முதல் இரண்டு நாள் மெலிந்துதான் தெரியும்.

கேள்வி: சப்வூஃபரை மற்ற ஸ்பீக்கர்களைவிட 10 டெசிபல் கூடுதலாக வைக்க வேண்டும் என்கிறான் நண்பன். உண்மையா?

பாதி உண்மை. 5.1 என்பதில் அந்தப் புள்ளி 1 எல்.எஃப்.ஈ. என்ற தனித் தடம். வெடிச்சத்தம், இடி போன்றவற்றுக்காகப் படத்தில் சேர்க்கப்படுவது. அது மற்ற தடங்களைவிட 10 டெசிபல் பலமாக ஒலிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த 10ஐ ரிசீவரே டீகோட் செய்யும்போது சேர்த்துவிடுகிறது. நீங்களும் சேர்த்தால் இரட்டிப்பாகும். அது மட்டுமில்லை. முன் ஸ்பீக்கர்களிலிருந்து பிரித்து அனுப்பப்படும் பேஸும் அதே பெட்டிக்குத்தான் வருகிறது. அதுவும் கூடவே 10 ஏறிவிடும். பாட்டில் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் அறை முழுக்க உருண்டு, வலந்தலை எங்கோ தூரத்தில் கேட்கும். மீட்டரை வைத்து டெஸ்ட் டோனைப் பார்க்கும்போது எல்லா ஸ்பீக்கரும் 75 காட்டினால், சப்வூஃபரும் 75ஐ ஒட்டிக் காட்டினால் போதும்.

கேள்வி: நான் உட்காரும் சோபாவில் பேஸ் இல்லவே இல்லை. எழுந்து பின்சுவர் பக்கம் போனால் நெஞ்சு அதிர்கிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போகிறேன், சோபாவில் மாற்றமே இல்லை. பெட்டி பழுதா?

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. எனக்கு வரும் புகார்களில் மிக அதிகமானது இதுதான். ரிமோட்டை வைத்து எவ்வளவு போராடினாலும் தீராது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. உங்கள் அறை 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் சரியாக அந்த 5 மீட்டர். அது இரண்டு சுவர்களுக்கும் இடையில் பட்டுத் திரும்பி, சுவரோரம் பலத்தும் நடுவில் ஒன்றுமே இல்லாமலும் நின்றுவிடும். சோபா நீளவாக்கில் நட்டநடுவில் இருந்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த ஒன்றுமில்லாத இடத்தில். அளவைக் கூட்டினால் நேராக வரும் அலை கூடுகிறது, சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதைக் கழிக்கும் அலையும் அதே அளவு கூடுகிறது. கணக்கு எப்போதும் பூஜ்யம்தான். பெட்டிதான் வீணாகத் திணறும்.

சோபாவை அரை மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு வேலை முடிந்திருக்கிறது. தள்ள இடமில்லை என்றால் பெட்டியை நகர்த்த வேண்டும். எங்கே என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே சோபாவின் மேல் வையுங்கள். ஏறி இறங்கும் பேஸ் உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். காது தரைக்கு ஓர் அடி உயரத்தில், பெட்டியின் ஸ்பீக்கர் வரும் உயரத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் முட்டிக்கொண்டு வரும், இரண்டு அடி தள்ளி அதே சுரம் காணாமல் போகும். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும் ஓர் இடம் கிடைக்கும். அங்கே ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். பெட்டியின் இடம் அதுதான்.

மூலையில் வைத்தால் சத்தம் கூடுமே என்று சிலர் கேட்பார்கள். கூடும். எந்தச் சுரம் ஏற்கெனவே தூக்கலாக இருக்கிறதோ அதையும் சேர்த்துத் தூக்கும். நான் மூலையைக் கடைசியாகத்தான் முயல்வேன்.

இடம் மாறினால் ஆட்டோ செட்டப்பைத் திரும்ப ஓட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: ஆளுயர ஸ்பீக்கர்கள் வைத்திருக்கிறேன். அவற்றைப் போய் ‘ஸ்மால்’ என்று செட் செய்யச் சொல்கிறார்களே?

செய்யுங்கள், கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ‘ஸ்மால்’ என்றால் ஸ்பீக்கரின் உயரம் இல்லை. ஆழமான பேஸைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்ற கட்டளை, அவ்வளவுதான். அதற்கென்றே கட்டிய பெட்டி அந்தச் சுமையை எடுத்துக்கொண்டால் உங்கள் ஸ்பீக்கர்கள் நிம்மதியாகப் பாடும்.

கேள்வி: போனில் டெசிபல் ஆப் போட்டு அளந்தேன். சப்வூஃபர் மற்றவற்றைவிட 25 டெசிபல் குறைவாகக் காட்டுகிறது. அத்தனையும் கூட்ட வேண்டுமா?

கூட்டாதீர்கள், சப்வூஃபர் எரிந்துவிடும்! ஆப்பின் செட்டிங்கில் ‘ஏ வெயிட்டிங்’ என்று இருக்கும். அது 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். அதைச் ‘சி’க்கு மாற்றி, வேகத்தை ‘ஸ்லோ’வில் வையுங்கள். சப்வூஃபரின் டெஸ்ட் டோனுக்கு எண் ஆடிக்கொண்டே இருக்கும். நடுவில் எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடிமட்ட ஒலியை நம்பகமாக அளக்காது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பார்க்க உதவும். ஸ்பீக்கரோடு ஸ்பீக்கரை ஒப்பிட ரிசீவரின் மைக்கை நம்புங்கள்.

கேள்வி: பகலில் கச்சிதமாக இருக்கும் பேஸ், குழந்தை தூங்கிய பிறகு வால்யூமைக் குறைத்தால் மறைந்துவிடுகிறது. சப்வூஃபர் தானாக அணைகிறதோ என்று சந்தேகம்.

அம்மா, முதலில் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். ‘ஆட்டோ’வில் இருந்தால், சிக்னல் மிகக் குறைவாக வரும்போது சில பெட்டிகள் உறங்கிவிடும்; ‘ஆன்’ என்று மாற்றிவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் பேஸ் மறைந்தால், காரணம் நம் காது. சத்தம் குறையக் குறைய, மற்ற ஒலிகளைவிடப் பேஸ்தான் காதுக்கு வேகமாகக் குறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். இதைச் சரிக்கட்டவே ரிசீவரில் டைனமிக் ஈக்யூ, லவுட்னஸ் போன்ற வசதிகள் இருக்கின்றன. இரவில் அதைப் போடுங்கள். அது இல்லாத ரிசீவர் என்றால் 3 டெசிபல் ஏற்றிக்கொண்டு காலையில் மறக்காமல் இறக்கிவிடுங்கள். பகல் சத்தத்தில் அந்த 3 தூக்கலாகத் தெரியும்.

கேள்வி: சில காட்சிகளில் மட்டும் சப்வூஃபர் கிழிந்தது போல ‘ஜ்ர்ர்’ என்கிறது. அளவைக் குறைத்தால் சரியாகிறது. ஆனால் குறைத்து வைக்க மனமில்லை.

குறைக்கவும் வேண்டாம், பெட்டியைச் சர்வீஸுக்கு அனுப்பவும் வேண்டாம், இன்னும். ஒரு வீட்டில் இதே புகார். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஸ்பீக்கர் கோனை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். நான் 20 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை மெதுவாக ஏறும் ஒரே சுரத்தைப் போட்டுவிட்டு அறையைச் சுற்றி நடந்தேன். 43 வந்ததும் அந்த ‘ஜ்ர்ர்’ தொடங்கியது. அந்த அறை 4 மீட்டர் அகலம். அதற்குரிய அதிர்வெண் அதுவேதான். சுரத்தை 43லேயே நிறுத்திவிட்டு ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஷோகேஸின் நகரும் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்ததும் சத்தம் நின்றது. கையை எடுத்தேன், வந்தது. மறுபடி வைத்தேன், நின்றது. வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

கண்ணாடி ஓடும் பள்ளத்தில் இரண்டு ஓரமும் மெல்லிய கம்பளித் துண்டுகளை ஒட்டினோம். பத்து நிமிட வேலை. நீங்களும் அந்தச் சுரத்தைப் போட்டு, கண்ணாடி, ஜன்னல் கொக்கி, ஃபால்ஸ் சீலிங் விளக்கு, போட்டோ சட்டம் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். எதைத் தொட்டும் நிற்கவில்லை என்றால் மட்டும் பெட்டியை வெளியில் தூக்கிப் போய், சுற்றி எதுவும் இல்லாத இடத்தில் அதே அளவில் ஓட்டிக் கேளுங்கள். அங்கேயும் கிழிந்தால் கோனைப் பார்க்க வேண்டியதுதான்.