ரோமில் புரவலரும் அவரை அண்டி வாழ்ந்தவர்களும்: கேள்வி பதில்

பண்டைய ரோமில் செல்வாக்குள்ள புரவலரை 'பத்ரோனுஸ்' என்றும், அவரை அண்டியவரை 'கிளியென்ஸ்' என்றும் சொன்னார்கள். இந்த உறவு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

விடிந்ததும் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் கூட்டம் நிற்குமாமே, எதற்கு? (கல்லூரி மாணவி)

காலை வணக்கம் சொல்லத்தான். டோகா என்ற ரோமக் குடிமக்களின் மேலாடையைச் சுற்றிக்கொண்டு வந்து காத்திருந்து, முறை வந்ததும் முன்கூடத்தில் புரவலரைப் பார்ப்பார்கள். வழக்கு, கடன், பையனுக்கு வேலை என்று எதையும் அங்கே கேட்கலாம். 'ஸ்போர்ட்டுலா' என்ற படியும் கிடைக்கும். முதலில் அது கூடையில் சாப்பாடாக இருந்தது, பிறகு காசானது. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் அது 100 குவாட்ரன்ஸ் என்ற சில்லறைக் காசுகள், அதாவது பெரிய நாணயமான செஸ்டர்ஸில் ஆறேகால். அப்புறம் புரவலர் ஊரின் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்குக் கிளம்பினால் இவர்களும் கூடவே நடப்பார்கள். பின்னால் வரும் கூட்டத்தை வைத்துத்தான் ஊர் அவரை எடை போட்டது.

சோறு போட்டு ஓட்டு வாங்குவதுதானே இது? (அரசியல் ஆர்வலர்)

ஓட்டு இதில் பெரிய பங்கு வகித்தது உண்மை. கி.மு. 139 வரை தேர்தலில் வாக்கை வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு வந்த கபினியஸ் சட்டம்தான் ரகசிய வாக்கைக் கொண்டுவந்தது. ஆனால் இதை வெறும் பேரமாகப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கடமை இது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டமே, அண்டியவரை வஞ்சிக்கும் புரவலர் சாபத்துக்குரியவர் என்கிறது. பிறருக்காக வழக்காடுபவர் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்று கி.மு. 204-இல் தனிச் சட்டமும் வந்தது.

சட்டத்தில் இல்லாத கடமைக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்ததா? (சட்டம் படிப்பவர்)

நல்ல கேள்வி. பின்னாளில் பெரிய தளபதியான மாரியஸின் வழக்கைப் பாருங்கள். கி.மு. 115-க்கான பிரேட்டர் (நீதியைக் கவனித்த உயர் அதிகாரி) தேர்தலில் கடைசி இடத்தில் தேறிய அவர் மீது, ஓட்டுக்கு லஞ்சம் கொடுத்ததாக வழக்கு வந்தது. சாட்சியாகக் கூப்பிடப்பட்டவர் கயஸ் ஹெரென்னியஸ். மாரியஸின் குடும்பம் எங்கள் வீட்டை அண்டியது, அண்டியவருக்கு எதிராகப் புரவலர் சாட்சி சொல்வது வழக்கமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள்! மறுத்துப் பேசியது யார் தெரியுமா? மாரியஸேதான். பதவிக்கு வந்த நாளோடு அந்தப் பிணைப்பு முடிந்துவிட்டது என்றார். தனக்குச் சாதகமான சாட்சி மறுப்பையே தள்ளிவிடும் அளவுக்கு, இன்னொருவரின் ஆள் என்ற பெயர் அவரை உறுத்தியிருக்கிறது. கடைசியில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்ததால் விடுதலையானார்.

விடுதலையான அடிமைகள்? (வாசகர் ஒருவர்)

பழைய எஜமானரே புரவலராகிவிடுவார். பெயரும் அவருடையதுதான்: புகழ்பெற்ற பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவின் செயலர் டைரோ, விடுதலைக்குப் பின் மார்கஸ் டுல்லியஸ் டைரோ. பிரேட்டரின் அனுமதியில்லாமல் பழைய எஜமானர் மேல் வழக்குப் போட முடியாது. வாரிசும் உயிலும் இல்லாமல் இறந்தால் சொத்து எஜமானருக்கே. எனக்கு இது இந்த முறையின் கொடுமையான பக்கமாகவே படுகிறது.

பெண்கள் புரவலராக இருந்தார்களா? (ஆசிரியை)

இருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டும் இல்லை, பதவியும் இல்லை. ஆனாலும் பொம்பெய்யின் பூசாரி யூமாக்கியா ஃபோரத்தை ஒட்டித் தன் செலவில் பெரிய கட்டடம் எழுப்பினார். துணி வெளுக்கும் தொழிலாளர்கள் அவருக்கு அங்கே சிலையே வைத்தார்கள்.

ஓர் ஊரே ஒருவரை அண்டியிருக்க முடியுமா? (வரலாற்று மாணவர்)

தாராளமாக. சிசிலிக்கு மார்செல்லஸ் குடும்பம் பரம்பரைப் புரவலர். ஆனால் சிசரோவும் கி.மு. 75-இல் அங்கே குவெஸ்டராக (நிதி அதிகாரியாக) இருந்து நல்ல பெயர் எடுத்தவர். ஆளுநர் வெர்ரஸ் தீவைச் சூறையாடியபோது சிசிலிக்காரர்கள் உதவி கேட்டு வந்து நின்றது இவரிடம்தான். கி.மு. 70-இல் வழக்கு நடந்தது. சாட்சிகள் வரிசையாக வந்ததைப் பார்த்த வெர்ரஸ், தீர்ப்புக்குக் காத்திராமல் மஸ்ஸிலியாவுக்கு (இன்றைய பிரான்சின் மார்செய்) போய்விட்டார்.