அழுததற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. நேர்மறையாக நினைத்தாலே நோய் பாதி குறைந்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். அம்மாவோ இரவுகளில் அழுகிறார். நானும் பலமுறை கடிந்துகொண்டேன். அவரை நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா நலம்பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். வகுப்புக்கு அவரே ஆசைப்பட்டால் போகட்டும். உறவினர்களின் 'பாதி' கணக்கைக் காதில் வாங்க வேண்டாம். ஆனால், நோயில் கிடக்கும் தாயை அழுததற்காகக் கடிந்துகொள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நம்பிக்கையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வலியைச் சற்றே தணிக்கும்; மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வைக்கும். புற்றுக்கட்டி மட்டும் நம் எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 1989இல் எழுதினார். மனம் வைத்தால் புற்றையும் வெல்லலாம் என்பதற்கு அதையே பலர் சான்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்து 2001இல் வெளியிட்டபோது, வலியும் மனத்துயரும் குறைந்திருந்தன, ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே மீண்டும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் நீளவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குழுக்களில் எவரும் அப்பெண்களைச் சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்லவில்லை. சாவைப் பற்றிய அச்சத்தையும் பிள்ளைகளை விட்டுப்போகும் துயரத்தையும் வாய்விட்டுச் சொல்லத்தான் இடம் கொடுத்தார்கள். வலியும் துயரும் குறைந்தது அப்படிப் பேசியவர்களுக்குத்தான்.

என் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்று வந்தபோது வீட்டில் எல்லோரும் 'தைரியமாக இரு' என்றோம். அதிகம் சொன்னவன் நான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள் என்று அத்தான் பின்னர் சொன்னார். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் திடமா வச்சுக்காம விட்டுட்டேன்டா, தப்பு என் மேலதான்" என்றாள். நாங்கள் அவள்மேல் ஏற்றி வைத்த பழி அது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை அக்கா என்று சொல்ல வேண்டிய அந்த நேரத்திலும், "அப்படியெல்லாம் பேசாதே, நல்லதையே நினை" என்றுதான் சொன்னேன்.

அம்மா இன்றிரவும் அழக்கூடும். கடிந்துகொண்டதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். என்ன பயம் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவற்றில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இருந்தால் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நான்காவது கீமோவுக்குப் போகும்போது மறக்காமல் கேட்டுவிடுங்கள்.