மிச்சமான இரண்டரை மணி நேரம்

கேள்வி: வரும் திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்து, காலை 9 மணிக்குக் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யில் புறப்படும் விமானம் சென்னையில் 10.30க்கே இறங்கிவிடும் என்று பயணச்சீட்டில் இருக்கிறது. திரும்பும்போதோ அங்கே 11.30க்கு ஏறி இங்கே மாலை 6 மணிக்குத்தான் இறங்குகிறோம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் போகும்போது நேரம் மிச்சமாகிறது என்கிறார் என் மருமகன். சரிதானா ஐயா?
- வாசகி, செந்தூல்

பதில்: 'மிச்சம்' என்று எழுதிவிட்டீர்கள், அம்மா. மாதக் கடைசியில் அச்சகத்துக்குப் பணம் கட்டுகிறவனின் கண் அந்தச் சொல்லைத் தாண்டி நகராது. சென்னைக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது; போகும்போது கிடைத்த அந்த இரண்டரை மணி நேரத்தைத் திரும்பும்போது ஒரு நிமிடம் குறையாமல் கட்டிவிடுகிறீர்கள். அதற்குப் பெயர் மிச்சமன்று, கைமாற்று. இரு நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். எந்தப் பக்கம் பறந்தாலும் பயணம் சுமார் நான்கு மணி நேரம்; காற்றைப் பொறுத்துச் சில நிமிடங்கள் கூடும், குறையும்.

மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையில் நான் புகுவதில்லை. ஆயினும் பூமியோடு காற்றும், காற்றோடு விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் சொல்வதுபோல் பூமி மட்டும் தனியே சுழலுமானால், எரிபொருளை வீணாக்கி மேற்கே பறப்பானேன்? நம் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்குக்கு மேலே எழும்பி அசையாமல் நின்றால், ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னையின் தீர்க்கரேகை தானாகவே காலடிக்கு வந்து சேரும். ஆனால் சிப்பாங்கிலிருந்து நேர் மேற்கே அந்த ரேகையில் இருப்பது மீனம்பாக்கமன்று, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடல். அங்கிருந்து தோணிக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். திரும்பி வருவதற்கு என்ன வழி என்று மருமகனிடமே கேளுங்கள்.

இந்த ஒன்றரை மணிக் கணக்கு வேடிக்கைக்காகச் சொன்னதன்று. இரு நிலையங்களுக்கும் தீர்க்கரேகையில் வேறுபாடு சுமார் 21.5 பாகை, ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு 4 நிமிடம் ஆகிறது, ஆக இயற்கையான நேர வேறுபாடு 86 நிமிடம்தான். கடிகாரங்களோ 150 நிமிடம் காட்டுகின்றன. இடையில் நிற்கும் 64 நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி எங்கிருந்து வந்தது? 'ஆரம்பித்துவிட்டார்' என்று பழைய வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது, இருந்தாலும் சொல்வேன். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு, கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு இணைப்பதற்காக மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் 12 மணிக்குத் தள்ளப்பட்டன. வாங்கிய அந்த அரை மணியை எந்த விமானத்தில் திரும்பி வந்தாலும் கொடுப்பதில்லை. அன்று முதல் நம் கடிகாரம், சபாவுக்கும் கிழக்கே உள்ள 120ஆம் பாகையின் சூரியனுக்காக ஓடுகிறது. கோலாலம்பூரில் உச்சிவெயில் பெரும்பாலும் ஒரு மணியைத் தாண்டித்தான் வருகிறது.

திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம் என்பது, சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட அட்டவணை. இதை இங்கே எழுதத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் திருமண அழைப்பிதழ்கள் குறைந்துவிட்டன. போகட்டும். இங்கே உதயம் 7.15 என்று வைத்துக்கொண்டால், ராகு காலம் 8.45க்குத் தொடங்கி 10.15 வரை செல்கிறது. உங்கள் விமானம் அதற்குள்தான் கிளம்புகிறது. இதை மட்டும் மருமகனிடம் சொல்லாதீர்கள். பயணச்சீட்டை மாற்றினால் கட்டணம் உண்டு.