லண்டன் ஃபைனான்ஸ் பட்டம் கன்சல்டிங் வேலை வாங்கித் தருமா?

அண்ணாச்சி, சனிக்கிழமை வீட்டம்மாவும் பாப்பாவும் கூட இருந்ததால், "பயப்படாதீங்க, பொண்ணு கெட்டிக்காரி, எங்க போனாலும் பிழைச்சுக்குவா" என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டது வேறு: லண்டனில் ஃபைனான்ஸ் பட்டம் வாங்கினால் பாப்பா ஆசைப்படுகிற கன்சல்டிங், அதாவது கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலை, கிடைக்குமா? அதற்கு என் பதில்: லண்டனில் எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் படிக்க வைப்பதற்காக கே.கே. நகர் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டாம்.

அந்தப் பட்டம் இருந்தால் கன்சல்டிங் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகும் என்கிறார் உங்கள் மச்சினர். மெக்கின்சி, பிசிஜி, பெயின் போன்ற கம்பெனிகள் பட்டத்தின் பெயரை விட, எந்த கேம்பஸ் என்பதைத்தான் முதலில் பார்க்கும். இந்தியாவில் ஐ.ஐ.எம்., ஐ.எஸ்.பி. போன்ற மேலாண்மைக் கல்லூரிகள், ஐ.ஐ.டி. இவற்றின் வாசலில்தான் பெரும்பாலும் நிற்பார்கள். அதைத் தாண்டினால் கேஸ் இன்டர்வியூ. "மதுரையில் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் ஜிகர்தண்டா விற்கும், கணக்குப் போட்டுச் சொல்" என்கிற மாதிரிக் கேள்வி. விடையை விட, அதற்கு எப்படிப் போய்ச் சேர்கிறாள் என்பதைத்தான் கவனிப்பார்கள். ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸில் நடத்துவது டெரிவேட்டிவ்ஸ் (பங்கு, பண்டங்களின் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்), போர்ட்ஃபோலியோ (முதலீட்டைப் பிரித்துப் போடுவது), கம்பெனி மதிப்பீடு. முதலீட்டு வங்கிக்கும் ஃபண்ட் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு அது அருமையான படிப்பு. டெலாய்ட், கேபிஎம்ஜி போன்ற இடங்களில், கம்பெனிகளை வாங்கி விற்கும்போது கணக்கைத் துருவிப் பார்க்கும் பிரிவுக்கும் உதவும். பாப்பா இதில் எதையும் கேட்கவில்லையே.

அப்புறம் செலவு. இங்கிலாந்தில் நடுத்தரமான பல்கலைக்கழகம், ஃபீஸ் 25 ஆயிரம் பவுண்டு, சாப்பாடு, தங்கல், விசா எல்லாம் 15 ஆயிரம் என்று வையுங்கள். பவுண்டு 110 ரூபாய் என்று குறைத்துப் பிடித்தாலும் 44 லட்சம். அதில் 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 55 ஆயிரம். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. படிப்பு முடிந்ததும் அங்கே தங்கி வேலை தேடும் விசா இதுவரை இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனி கிடைக்காவிட்டால், மதுரைச் சம்பளத்தில் லண்டன் கடனைக் கட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பக்கத்தில் ஒரு பட்டம் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் ஆசைப்படுவது புரிகிறது. அந்த ஆசைக்கு இந்த விலை கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பாப்பா அன்றைக்குப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள், கவனித்தீர்களா? கீழமாசி வீதிக் கடையில் குல்பர்கா துவரம்பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் மலிவு என்று இறக்குகிறீர்கள். அவள் லாரி வாடகை, இறக்குக்கூலி, சாக்கு, எடைக்குறைவு, முன்பணத்துக்கு ஆகும் வட்டி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதி, விருதுநகர்ச் சரக்குதான் கட்டுபடியாகிறது என்று காட்டியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. கன்சல்டிங் என்று அவள் ஆசைப்படுவது இந்த வேலைக்குத்தான். அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, நம் ஊரில் சி.ஏ. என்ற பேச்சில் அமுங்கிப் போய்விட்டது: காஸ்ட் அக்கவுன்டன்ட், சுருக்கமாக சி.எம்.ஏ. ஒரு பொருளை உண்டாக்க என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்க்கிறவர்.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனம் நடத்துவது. பி.காம். முடித்தவர்கள் முதல் நிலையான ஃபவுண்டேஷன் எழுத வேண்டாம், நேராக இன்டர்மீடியட். இன்டரில் எட்டுத் தாள், ஃபைனலில் எட்டுத் தாள், ஒவ்வொன்றும் இரண்டு குரூப். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. தேற, தாளுக்கு 40 மதிப்பெண்ணும் குரூப்பில் மொத்தம் 50 சதவீதமும் வேண்டும். 39 வாங்கினால் அந்தக் குரூப் போச்சு, அதனால் லேசான படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கூடவே 15 மாத நேரடிப் பயிற்சி. நிறுவனத்துக்குக் கட்டுவது இரண்டு நிலைக்கும் சேர்த்து அரை லட்சத்தைச் சுற்றித்தான் வரும், கோச்சிங் தனி.

வேலை எங்கே என்பீர்கள். குறிப்பிட்ட தொழில்களில், விற்றுமுதல் வரம்பைத் தாண்டிய கம்பெனிகள் வருஷா வருஷம் காஸ்ட் ஆடிட், அதாவது செலவுக் கணக்குத் தணிக்கை, செய்தாக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம் 148ஆம் பிரிவு. அதில் கையெழுத்துப் போடும் உரிமை பிராக்டிஸில் இருக்கும் காஸ்ட் அக்கவுன்டன்டுக்கு மட்டும்தான், சி.ஏ.வுக்குக்கூடக் கிடையாது. பட்டியலில் ஜவுளி, சிமெண்ட், சர்க்கரை, டயர் எல்லாம் உண்டு. ராஜபாளையம், திண்டுக்கல் நூற்பாலைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ நூலுக்குக் கரண்ட் எவ்வளவு, கழிவுப் பஞ்சு எவ்வளவு, எந்தக் கவுண்ட் (நூலின் பருமன்) நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு முதலாளி அறையில் நாற்காலி உண்டு. என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி. போன்ற அரசு நிறுவனங்களின் நிதிப் பிரிவு விளம்பரங்களில் சி.ஏ. பக்கத்திலேயே சி.எம்.ஏ. என்றும் போட்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சி.எம்.ஏ. என்று இரண்டே தாளில் ஒன்று விளம்பரத்தில் வரும். அது வேறு. பன்னாட்டுக் கம்பெனிகளில் மதிப்பு இருக்கலாம், இங்கே காஸ்ட் ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது. கோச்சிங்குக்கு அட்வான்ஸ் கட்டும் முன் எந்த நிறுவனத்தின் சி.எம்.ஏ. என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சி.எம்.ஏ. முடித்தாலும் மெக்கின்சி கூப்பிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம் வேலை பார்த்தபின் அந்த ஆசை மிச்சமிருந்தால் கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.எம். போகட்டும், அனுபவமும் சேர்ந்து பேசும்.

கடைசி செமஸ்டர் முடிந்ததும் இன்டரின் காஸ்ட் அக்கவுன்டிங் தாளை மட்டும் ஒரு மாதம் அவளாகப் படித்துப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வேறு பார்க்கலாம். மச்சினரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் சொல்லும் பல்கலைக்கழகத்தில் போன வருஷம் எந்தக் கன்சல்டிங் கம்பெனி ஆள் எடுத்தது, விசா ஸ்பான்சரோடு எத்தனை இந்தியப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது? பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.