கோத்தகிரியில் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தர யாரைப் பார்ப்பது?

இதற்காகக் கோயம்புத்தூர்வரை போயே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும்போதே மனநல மருத்துவரைப் பார்க்கணும் என்று சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் கோத்தகிரிக்கு வருகிறாரா, எந்த நாளில் என்று உள்ளூர் அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

கவுன்சலர் பேசி உதவுவார், மருந்து எழுத முடியாது. ஆனால் உங்கள் வழக்கமான எம்.பி.பி.எஸ். டாக்டரே தொடக்க மருந்தை எழுதலாம். பலருக்கு இது தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை சொன்னால் செய்துகொள்ளுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்து வேலை செய்வது தெரிய 2 முதல் 4 வாரமாவது ஆகும். முதல் சில நாள் குமட்டல் வரலாம். அதற்குப் பயந்தோ, சரியாகிவிட்டது என்றோ திடீரென்று நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து ரோடு அடைபடும் ஊர் நம்முடையது, அதனால் மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மருந்துச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே 14416-ஐ அழையுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.