வலிப்பும் மனச்சோர்வும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டாக்டர், தம்பிக்கு லெவெடிராசெட்டம் தொடங்கி ஒரு மாதம். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான்.

பதில்: முதல் சந்தேகம் மாத்திரை மேல்தான். லெவெடிராசெட்டம் சிலருக்கு இப்படிச் செய்யும். டோபிராமேட், பீனோபார்பிட்டோன், பெராம்பனெல் எல்லாம் அதே ரகம். லாமோட்ரிஜினில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் தோலில் தடிப்பு வராமலிருக்க வாரக்கணக்கில் மெதுவாக டோஸ் ஏற்ற வேண்டும். ஒரு நோட்டில் டோஸ் கூட்டிய தேதி, அழுத நாள், வலிப்பு வந்த நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாகலாம் போலிருக்கிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

கேள்வி: வலிப்பு வந்தால் இரண்டு நாள் அழுகை, பிறகு தானாகச் சரியாகிறது.

பதில்: வலிப்புக்குப் பிந்தைய சோர்வு. வலிப்பு கட்டுப்பட்டால் இதுவும் குறையும்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை வலிப்பைக் கூட்டுமாமே?

பதில்: புப்ரோபியான், குளோமிப்ரமின் இரண்டையும் தவிர்ப்போம். செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் வழக்கமான டோஸில் பயமில்லை.

கேள்வி: பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'வலிப்பு வரலாம்' என்று போட்டிருக்கிறதே!

பதில்: வலிப்பு மாத்திரைத் தாளையும் பிரித்துப் படியுங்கள், தற்கொலை எண்ணம் வரலாம் என்று இருக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-ல் வலிப்பு மருந்துகளுக்கு அந்த எச்சரிக்கையைப் போட வைத்தது. அதற்காக வலிப்பு மாத்திரையை வேண்டாம் என்கிறோமா? நான் பயப்படுவது வேறொன்றுக்கு: ஃபுளூயாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி நடை தள்ளாடும். இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

கேள்வி: நோய் இருந்தால் வருத்தம் வரத்தான் செய்யும், அதற்கும் மருந்தா?

பதில்: வருத்தம் மட்டும் என்றால், முதல் வலிப்புக்கு முன்பே சிலருக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது? பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மருந்து மட்டும்தான் வழி என்றும் சொல்லவில்லை, பேச்சு சிகிச்சையும் பலன் தரும். கவனிக்காமல் விட்டால் தூக்கம் கெடும், மாத்திரை மறக்கும், வலிப்பு கூடும்.

கேள்வி: செர்ட்ராலின் வலிப்பைக் கூட்டுமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: வண்டி ஓட்டலாமா?

பதில்: உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வலிப்பு மாத்திரையை இரண்டு நாளாக விட்டுப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது டாக்டர்.

பதில்: இவ்வளவு நேரம் யாருக்குச் சொன்னேன்? இதை மூடிவிட்டு இப்போதே உங்கள் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.